வரதன் போட்ட கட்டு

1952 பிப்ரவரி ஐந்தாம் தேதி, திருவொற்றியூர் குப்பத்து மீனவன் வரதன் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வீடு திரும்பினான்.

மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்கு வந்து, அவிழ்த்துக் காயப்போட்டிருந்த கட்டுமரத்தின் மரங்களைச் சேர்த்து, பின்முனையைக் கயிற்றால் பிணைக்கும் பின்கட்டைக் கட்டினான். எட்டு வருடமாகப் பின்கட்டு அவனுடைய வேலை, முன்கட்டு கூட்டாளி பரசுராமனுடையது. கட்டு நழுவினால் நடுக்கடலில் மரங்கள் பிரிந்துவிடும். பரசுராமன் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமு, வாயே தொறக்க மாட்டேன்ற?"

"கயிறு கட்டச்சொல்ல இன்னா பேச்சு?"

சரியான பதில்தான். ஆனால் பழைய வரதன் ஓயாமல் பேசிக்கொண்டேதான் கட்டுவான்.

பக்கத்துக் கட்டுமரத்துப் பொன்னுரங்கம், "கீழ்ப்பாக்கத்துல இதெல்லாம் மறக்கடிக்கலியா, நைனா?" என்று கேட்டான். வரதன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சற்று நீளம் என்று பரசுராமனுக்குப் பட்டது.

வரதன் துடுப்பு எடுக்கப் போனதும் பரசுராமன் அவன் போட்ட முடிச்சை அவிழ்த்துப் பார்த்தான். குறையொன்றும் இல்லை. அவசரமாகத் தானே திரும்பக் கட்டினான்.

வரதன் வந்து கயிற்றை மிதித்துப் பார்த்தான். "இது நான் போட்ட கட்டு இல்ல. அவுத்தியா?"

கரையில் நாலு பேர் திரும்பினார்கள். பரசுராமனுக்கு வெட்கமாகிவிட்டது. "நான் ஏன் அவுக்கப் போறேன்?" என்றான்.

"தான் போட்ட கட்டே அவனுக்குத் தெரில. இன்னும் தெளியல," என்றான் பொன்னுரங்கம்.

பரசுராமன் மறுக்கவில்லை. அன்று பொன்னுரங்கத்தின் தம்பியைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். அடுத்த வாரம் வரதன் கொருக்குப்பேட்டை ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கச் சேர்ந்தான்.