மாடியறை வரை போனவள்

அவள் ஒரு கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வாரத்துக்கு ஒரே நாள் விடுமுறை. மூன்று வாரமாக அந்த நாளை கணினியில் ஒரு பழைய பேய் விளையாட்டு விழுங்கிக்கொண்டிருந்தது. கடலோரப் பாறையின்மேல் ஒரு மாளிகை; உள்ளே மாட்டிக்கொண்டவர் சாவிகளைத் தேடியெடுத்து வெளியேற வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் அவளும் அண்ணனும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து ஆடியது.

புது மடிக்கணினி அதைச் சீண்டக்கூட மறுத்தது. பழைய கணினி மாதிரி நடிக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, அதற்குள் வைத்து ஓட்டினாள். ஓடியது, தலைதெறிக்க ஓடியது. கையில் விளக்கோடு தாழ்வாரத்தில் அடிமேல் அடி வைத்து வந்து, அண்ணனையும் அவளையும் போர்வைக்குள் புகவைத்த அந்தப் பேய்ப் பெண், பேருந்தைப் பிடிக்கப் போகிறவள்போல விர்ரென்று கடந்துபோனாள். இவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் என்னவோபோல் இருந்தது.

வேகத்தை இழை இழையாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வானம் மூடி அறையெல்லாம் சாம்பல் பூத்திருந்த நேரத்தில், விளக்குப் பெண் தன் பழைய நடைக்கு வந்துசேர்ந்தாள். அந்த நடையைப் பார்த்ததும் இவளுக்குக் கைமயிர் சிலிர்த்தது.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கை அம்மா எறியாமல் அலமாரியில் போட்டுவைத்திருந்தாள். அதிலிருந்து மகள், அன்று ஆடி நிறுத்திவைத்த ஆட்டங்களையும் எடுத்துப் போட்டாள். பட்டியலில் மூன்று வந்தன. ஒன்று அவளுடையது, கீழ்த்தளம். இன்னொன்று அண்ணனுடையது, இரண்டாம் தளம்; அதற்குமேல் இருவரும் போனதேயில்லை. மூன்றாவதற்குப் பெயரில்லை. மாடியறை, நாற்பத்தொரு மணி நேரம் என்று மட்டும் இருந்தது. கடைசியாக நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை. அந்நேரம் பிள்ளைகள் பள்ளியில். அப்பா வேலையில்.

அடுத்த அறையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் தொலைபேசி நிலையத்தில் இரவுப் பணி. காலையில் வந்து தூங்குவதாக வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"அம்மா, இந்த விளையாட்டை நீ ஆடினியா?"

அம்மா ஒரு தலையணை உறையை மடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்துவந்தாள். திரையைப் பார்த்ததும் திருடிய கையோடு மாட்டியவள்போல ஒரு சிரிப்பு.

"தூக்கம் வராதுடி. ராத்திரி முழுக்க காதுல யாராவது பேசிக்கிட்டே இருப்பாங்க. இந்த மாளிகைல யாரும் பேசமாட்டாங்க. போய்க் கொஞ்ச நேரம் இருந்துட்டு வருவேன்."

விளக்குப் பெண்ணை எப்படித் தாண்டினாய் என்று மகள் கேட்டாள். தாண்டவே இல்லை என்றாள் அம்மா. ஓடினால்தான் துரத்துவாளாம். சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றால், விளக்கை வைக்க இடம் தேடுகிறவள்போல அவள்பாட்டுக்குப் போய்விடுவாளாம். பிள்ளைகள் இரண்டு வருஷம் ஆட்டத்தில் ஓடி ஓடியே செத்தார்கள்.

மூன்றாவது ஆட்டத்தைத் திறந்தார்கள். மாடியறை. ஒரு நாற்காலி, பெரிய ஜன்னல், வெளியே கடலின்மேல் ஓயாத மழை. கடைசிச் சாவி கையில் இருந்தது. கதவு நான்கு அடி தூரத்தில்.

"ஏம்மா முடிக்கல?"

"முடிச்சுட்டா அப்புறம் எங்க போறது?"

இப்போது திறப்போமா என்று மகள் கேட்டாள். அம்மா கொஞ்சம் யோசித்து, மவுஸை வாங்கிக்கொண்டாள். கதவு திறந்தது, கல்படிகள், ஒரு படகு, நான்கு வரி நன்றி, பிறகு யார் யாரோ பெயர்கள்.

"இவ்ளோதானா," என்றாள் அம்மா. வருத்தமாகத் தெரியவில்லை. மாடியறைக்கே திரும்பப் போக முடியுமா என்று விசாரித்தாள். முடியும், நிறுத்திவைத்த ஆட்டம் அப்படியே இருந்தது.

திரும்பப் போனார்கள். அம்மா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மழைச் சத்தம் திரையிலிருந்து வந்ததா, இந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் வரத் தொடங்கிவிட்டதா என்று மகளுக்குப் பிடிபடவில்லை. அம்மாவின் தோளில் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், எப்போது தூங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது.