ஜில்லுவுக்கு வந்து வந்து போன ஹீட்

என் கர்ணனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்கு மண்டைக்கு ஏறிவிடும். கர்ணன் என்றால் எங்கள் வீட்டு நாய். டேஷண்ட் சாதி. நீள உடம்பு, குட்டைக் கால், பழுப்பு நிறம். ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்குள் அவன் நடந்து வந்தால் தெருநாய்களே ஒதுங்கி வழிவிடும். காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் என்று சுற்றுப்பட்ட இடமெல்லாம் அவனுக்குப் பிள்ளைகள். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து, கிளெமென்ட் அண்ணா என் வாசலில் நின்றுகொண்டு, "உன் கடுவனுக்கு வயசாயிடுச்சு மித்ரா, இனிமே ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்கிறார்.

"வார்த்தைய அளந்து பேசுங்கண்ணா," என்றேன். "ரிச்சர்ட்ஸ் டவுன் பொட்டை போன மாசம் குட்டி போட்டுச்சே, அதெல்லாம் யாரு குட்டி? பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பொறந்ததா? குறை எங்காளு மேல இல்ல. உங்க ஜில்லுதான் நாடகம் ஆடுது."

அவருக்குப் பின்னால் டோரதி நின்றிருந்தாள். டோரதி அவர் மனைவி. எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தோழி. ஜில்லு அவள் முன்கையில் தலை சாய்த்து, கைக்குழந்தை மாதிரி படுத்திருந்தாள். ஜில்லுவைக் காசு கொடுத்து வாங்கி வந்தவர் கிளெமென்ட் அண்ணா. வளர்த்தவள் டோரதி. அந்த நாய் தரையில் நடந்ததைவிட அவள் கையில் இருந்ததுதான் அதிகம்.

ஃபேக்டரி வேலையை விட்ட பிறகு அண்ணாவுக்கு நாய்தான் உலகம். வீட்டில் ரூபி, ஜில்லு என்று இரண்டு பொட்டை. ரூபி கொல்லைப்புறக் கூண்டில் இருப்பாள். வருஷத்துக்கு இரண்டு முறை, சொல்லிவைத்த மாதிரி ஹீட் வரும், அதாவது கடுவனைச் சேர்க்கிற பருவம். ஜில்லுவும் அப்படித்தான் இருந்தாள். போன வருஷத்திலிருந்துதான் அவளுக்கு எல்லாம் தாறுமாறாகிவிட்டது. வரும், போகும், மாதம் திரும்புவதற்குள் மறுபடியும் வந்து நிற்கும்.

எங்கள் பக்கத்தில் பொட்டைதான் கடுவன் வீட்டுக்கு வரவேண்டும். கடுவனைத் தூக்கிக்கொண்டு போனால் அது புது இடத்தில் மூலைக்கு மூலை காலைத் தூக்கிக்கொண்டு திரியுமே ஒழிய, வந்த வேலையைப் பார்க்காது. அதனால் ஹீட் வந்ததும் ஜில்லுவை என் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் இருப்பாள். சாப்பாட்டைக்கூட அண்ணா தினமும் டப்பாவில் கொடுத்து அனுப்புவார்.

வந்த அன்றைக்கு கர்ணனைப் பிடிக்க முடியாது. ஊளையிட்டுக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருவான். அவளோ வாலை ஒடுக்கிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். கிட்டே போனால் கடிக்க வருவாள். சரி, இன்னும் நாள் ஆகவேண்டும் போல என்று நானும் காத்திருப்பேன். ஆனால் நாளாக ஆக ஹீட்டில் வந்த வீக்கம் வற்றும், ரத்தக் கறை நிற்கும். கர்ணன் அவளை முகர்ந்துகூடப் பார்க்காமல் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வான். கல்யாணம் நின்றுபோன வீடு மாதிரி இருக்கும். திருப்பி அனுப்பிக் கொஞ்ச நாளில் டோரதி போன் பண்ணுவாள். "மறுபடியும் வந்துடுச்சுடி," என்பாள்.

இப்படி மூன்று தடவை ஆகி, நான்காவதாகவும் ஹீட் வந்த பிறகுதான் அண்ணா என் வாசலில் நின்று அப்படிப் பேசியது.

"உன் நாயோ என் நாயோ, எனக்குப் பொறுமை போச்சு," என்றார். "ஜில்லுவுக்கு ரத்தம் எடுத்து டெஸ்டுக்குக் குடுத்திருக்கேன். சனிக்கிழமை டாக்டர் ஒரு வழி சொல்லணும். இல்லேன்னா அத்திபெலேல ஒருத்தன் நாய் ஃபார்ம் வெச்சிருக்கான், ஜில்லுவை அவன்கிட்ட தள்ளிடுவேன். அவன் ஊசி கீசி போட்டு ஏதாவது பண்ணிக்குவான். ஹீட் ஒழுங்கா வராத பொட்டைய வீட்ல வெச்சு என்ன பண்றது?"

டோரதி ஜில்லுவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அத்திபெலே ஃபார்மை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் முனிராஜ் ஆட்டோவில் ஒருமுறை அங்கே சவாரி போனபோது நானும் கூடப் போயிருந்தேன். தகரக் கூரை. வரிசையாகக் கம்பிக் கூண்டு. மடி தொங்கிப்போன நாய்கள், குரைக்கக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கேயா ஜில்லு? டோரதிக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் அதற்காக அவள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரியும் இல்லை, வேண்டிக்கொள்ளாத மாதாவும் இல்லை. ஜில்லு போய்விட்டால் அந்த வீட்டில் அவள் பேசுவதற்கு ஆளே கிடையாது.

எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது. என் வீட்டில் போகிற ஹீட் அவள் வீட்டில் ஏன் வருகிறது? தண்ணீரா? இரண்டு வீட்டிலும் காவேரித் தண்ணீர்தான். சாப்பாடா? அதே டப்பா சாப்பாடு. அந்த வீட்டுக் காற்றா? அப்படியென்றால் ரூபிக்கும் அல்லவா வரவேண்டும்? அவள் ராணி மாதிரி கணக்காக இருக்கிறாளே!

"உனக்கு வந்த வாழ்வைப் பாரு," என்றார் முனிராஜ். "ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் ஹீட் ஏன் வருதுன்னு ஆராய்ச்சி. எனக்கு காபி வருமா வராதா?"

"சும்மா இருய்யா. ஒரு உயிர் போகப் போகுது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே டோரதி வீட்டுக்குப் போனேன். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். எதையும் மூலை முடுக்கு விடாமல் பார்ப்பதுதான் என் தொழில். அது ஜூலை மாதம், சிணுசிணுவென்று தூறல். நான் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனால், டோரதி ஃபேனை முழு வேகத்தில் வைத்து அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறாள். முழுக்கை நைட்டி. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"ஏ லூசு, இந்தக் குளிருல ஃபேனா?"

"புழுக்கமா இருக்குடி," என்றாள்.

நான் ஜில்லுவின் படுக்கையைப் பார்த்தேன், தட்டைப் பார்த்தேன், குளிக்க வைக்கிற சோப்பைக்கூட முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஜில்லு டோரதியின் மடியில் ஏறி, நைட்டிக் கையை மூக்கால் மேலே தள்ளிவிட்டு, முன்கையை நக்கத் தொடங்கினாள். நிதானமாக, சுற்றிச் சுற்றி. நான் கையை நீட்டினேன். என் கையை ஒரு தரம் முகர்ந்துவிட்டு மறுபடியும் அங்கேயே போனாள்.

"பெரிய இவ, என் கையெல்லாம் நக்க மாட்டாளாம்," என்று குனிந்தேன். டோரதி கையிலிருந்து ஸ்பிரிட் வாசனை லேசாக வந்தது. "என்னடி சானிடைசர் வாசனை? கொரோனா போய் எத்தனை வருஷமாச்சு, இன்னும் பயமா உனக்கு?"

அவள் வெடுக்கென்று கையை மூடிக்கொண்டாள். "ஆமா, சும்மா," என்றாள். நானும் அதை அதோடு விட்டுவிட்டேன். வாசனையை வைத்தே எந்த பாட்டில் என்று சொல்லிவிடுவேன் என்று ஆபீஸில் பீற்றிக்கொள்கிற ஆள் நான். என்னத்தைச் சொல்வது!

சனிக்கிழமை நாய் டாக்டரிடம் நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கர்ணன் மேல் விழுந்த பழி துடைக்கப்படுவதை நேரில் பார்க்க வேண்டாமா? டாக்டர் வித்யாலட்சுமி நாமக்கல் பக்கத்துப் பெண், இங்கே வந்து இரண்டொரு வருஷம்தான் ஆகிறது. ஜில்லுவை ஸ்டீல் மேஜைமேல் நிற்க வைத்து முன்னும் பின்னும் பார்த்தாள். ரத்த ரிசல்ட்டைப் பார்த்தாள்.

"வெளியில பாத்தா முழு ஹீட்டு மாதிரிதான் இருக்கு," என்றாள். "ஆனா கருமுட்டை வரும்போது ஏற வேண்டிய ஹார்மோன் ஏறவே இல்ல. அதனாலதான் இவ கடுவனைச் சேக்கல. கடுவன் மேல எந்தக் குறையும் இல்லீங்க."

நான் அண்ணாவை ஒரு பார்வை பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இன்னொண்ணு," என்றேன். "எங்க வீட்ல பத்து நாள் இருந்தா இவளுக்கு எல்லாம் அடங்கிடுது. அவங்க வீட்டுக்குப் போனா திரும்ப வருது. சாப்பாடு, தண்ணி எல்லாம் ஒண்ணுதான். அதே வீட்ல இருக்கிற இன்னொரு பொட்டைக்கு ஒண்ணும் இல்ல. அது ஏன்?"

டாக்டர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். "அப்படியா? இதை யாருமே எங்கிட்ட சொல்லலையே. இவளை அதிகமாத் தூக்கறது யாரு?"

"என் மிசஸ்தான்," என்றார் அண்ணா.

"வீட்ல யாராவது ஹார்மோன் ஜெல், கிரீம் ஏதாவது தடவுறாங்களா? மாதவிடாய் நிக்கிற வயசுல உடம்பு எரிச்சல், வேர்வைன்னு போனா, கைல தடவிக்கச் சொல்லிக் குடுப்பாங்க. அதுல ஸ்பிரிட் கலந்திருக்கும். அது காயறதுக்குள்ள சின்ன நாயைத் தூக்கினாலோ, நாய் நக்கினாலோ, மருந்து நாய் உடம்புக்குள்ள போயிடும். போனா இந்த மாதிரிதான் ஆகும்."

அண்ணா சிரித்துவிட்டார். "எங்க வீட்லயா? என் மிசஸ் தலைவலிக்குத் தைலம்கூடத் தேய்க்க மாட்டா டாக்டர். அதெல்லாம் இல்ல."

எனக்குள் படபடவென்று எல்லாம் ஓடியது. ஸ்பிரிட் வாசனை. முழுக்கை நைட்டி. மழை நாளில் ஃபேன். நான் டோரதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. என் வாய் சும்மா இருக்கிற வாயா? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது அவள் உடம்பு, அவள்தான் சொல்ல வேண்டும்.

"அப்ப கர்ப்பப்பைப் பக்கம் கட்டி ஏதாவது இருக்கலாம்," என்றாள் டாக்டர். "ஸ்கேன் பண்ணணும். இப்படியே விட்டா கர்ப்பப்பைல சீழ் வைக்கும், ரத்தம் குறையும். உயிருக்கே ஆபத்து."

"ஸ்கேன் அது இதுன்னு இனிமே நம்மால ஆகாது," என்று அண்ணா போனை எடுத்தார். "டோரதி, அத்திபெலேக்காரனை நாளைக்கே வரச் சொல்லிடறேன்."

மேஜைமேல் இருந்த ஜில்லுவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வழக்கம்போல டோரதியின் கையைத் தேடிக் கழுத்தை நீட்டினாள். டோரதி கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஜில்லு முனகினாள். மேஜை விளிம்புவரை வந்து மறுபடியும் முனகினாள்.

"போனை வைங்க," என்றாள் டோரதி. "நான்தான் தடவுறேன்."

அண்ணாவுக்கு உடனே புரியவில்லை. "என்னத்த?"

"ஜெல்லு. லேடி டாக்டர் குடுத்தாங்க. ஒரு வருஷமாச்சு. சாயங்காலம் நீங்க ரூபிய வாக்கிங் கூட்டிட்டுப் போனதும் தடவிக்குவேன். அப்பதான் இவ கைல ஏறிப்பா. சத்தியமா இது இவளுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது."

"ஒரு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது?" டோரதி சத்தம் போடவில்லை. நான் அவளாக இருந்தால் அந்தக் கூரையைப் பெயர்த்திருப்பேன். "ஹீட் ஒழுங்கா வராத பொட்டைய வீட்ல வெச்சு என்ன பண்றதுன்னு என் முன்னாடியே சொல்றீங்க. எனக்கும் நின்னுபோச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? இவ மூக்கு காஞ்சிருந்தா தொட்டுப் பாக்கறீங்க. ஒரு வேளை சாப்பிடலேன்னா டாக்டருக்குப் போன் போடறீங்க. நான் பக்கத்துல நனைஞ்சுபோய் உக்காந்திருந்தா, குளிருது, ஃபேனை ஆஃப் பண்ணுன்னு போத்திட்டுப் படுத்துக்கறீங்க. என்னாச்சுன்னு ஒரு நாள் கேட்டதில்ல."

அண்ணா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது சரியாக உள்ளே போகாமல் கீழே விழுந்தது. அதை எடுக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார்.

டாக்டர்தான் நிலைமையைச் சமாளித்தாள். மருந்தை நிறுத்த வேண்டாம், லேடி டாக்டரிடம் கேட்டு, நாய்க்கு எட்டாத இடத்தில் தடவிக்கொள்ளுங்கள், கையைக் கழுவுங்கள் என்றாள். ஜில்லு உடம்பிலிருந்து எல்லாம் வடிய நாளாகும், அதுவரை இவளைக் குட்டிக்கு விடும் பேச்சே எடுக்கக் கூடாது என்றாள். "கொஞ்ச நாள் வேற வீட்ல இருந்தா நல்லது," என்று சொல்லி முடிப்பதற்குள் ஜில்லுவை நான் தூக்கிக்கொண்டேன். டோரதி கையைப் பின்னால் கட்டியபடி, குனிந்து அவள் உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

ஜில்லு என் வீட்டில் நன்றாகத் தேறினாள். கர்ணன் அவளுக்குப் பாதித் தலையணையை விட்டுக்கொடுத்தான். அத்திபெலே பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் எனக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது. நாய் பிழைத்தது சரி, அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ என்று.

மழை விட்ட ஒரு நாள் அண்ணா போன் பண்ணினார். வழக்கமான விசாரணைதானே என்று நான் முந்திக்கொண்டேன். "வீக்கம் சுத்தமா போயிடுச்சுண்ணா. நல்லா சாப்பிடறா. நேத்து..."

"அது இருக்கட்டும் மித்ரா," என்றார். "டோரதி ராத்திரியில தூங்கவே மாட்டேங்கறா. ஃபேனை ஃபுல்லா வெச்சுட்டு, நான் ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுட்டுப் படுத்துக்கறேன். அப்பவும் வேர்க்குது அவளுக்கு. நான் வேற என்னதான் செய்யறது?"

மங்கி கேப்போடு அவரை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணும் நிறைந்துவிட்டது.

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றேன். "பக்கத்துலதானே இருப்பா. அவளைக் கேளுங்கண்ணா."

அவர் போனை வைக்க மறந்துவிட்டார். செருப்புச் சத்தம் கேட்டது, ஃபேன் சத்தம் கேட்டது. பிறகு, "டோரதி, இப்ப எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பது கேட்டது. நான்தான் போனை வைத்தேன்.