இத்தாலியை வென்ற மாயக்காள்

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று மாமாவிடம் சொன்னது நான்தான். வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். என் தாய்மாமன் சிவனாண்டியைச் செக்கானூரணிப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லை.

அது 1984. நாகமலை புதுக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இத்தாலிய அறிஞர்களின் பழைய சண்டை ஒன்றை. கவிதை பெரிதா, ஓவியம் பெரிதா? நானூறு, ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே அங்கே ஆரம்பித்துவிட்டார்கள். மனத்துக்குள் ஓடுவதைக் கவிஞனால்தான் சொல்ல முடியும் என்று ஒருவர் எழுதுவார். நீ பத்துப் பக்கத்தில் சொல்வதை ஓவியன் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறானே என்று இன்னொருவர் பாய்வார். நம்மூர்ப் பட்டிமன்றமெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். யார் என்ன சொன்னார், யாரைப் பார்த்து யார் எழுதினார், பேச்சு எப்படி எப்படித் திரும்பியது என்பதுதான் என் ஆய்வு. அந்த மொழியை இத்தாலியிலிருந்து வந்திருந்த ஒரு கன்னியாஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொண்டேன்.

எல்லாம் சரி. ஒரே ஒரு பயம் இருந்தது. அவர்கள் அடித்துக்கொண்ட ஓவியங்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. நூலகப் புத்தகங்களில் கறுப்பு வெள்ளையில் பார்த்ததுதான். படத்தில் இருப்பவள் கட்டியிருப்பது சிவப்பா பச்சையா என்றுகூடத் தெரியாது. சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் அதைக் கேட்டால் தொலைந்தேன் என்று பல ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன்.

தேர்வன்று காலை காளவாசலில் பஸ் நின்றபோது சுவரெல்லாம் போஸ்டர். ‘இத்தாலியை வென்ற எங்கள் குலவிளக்கு டாக்டர் மாயக்காள் அவர்களை வாழ்த்தி வரவேற்கும் தாய்மாமன் சிவனாண்டி.’ பக்கத்தில் ஒரு பெண்ணின் படம். அது நானில்லை. பிறகுதான் தெரிந்தது, என் படத்துக்கு அச்சுப் பிளாக் செய்ய நாளாகும் என்று சொல்லி, கல்யாண வாழ்த்துக்கு வைத்திருந்த யாரோ ஒரு மணப்பெண்ணைப் போட்டுவிட்டிருக்கிறார்கள் அச்சகத்தார். நெற்றிச்சுட்டி வேறு! இன்னும் தேர்வே முடியவில்லை, அதற்குள் டாக்டராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கி ஒவ்வொன்றாகக் கிழித்திருப்பேன். பஸ் கிளம்பிவிட்டது.

துறைக்குள் நுழைகிறேன், பின்னாலேயே கொட்டுச் சத்தம். டிராக்டரில் மாமா. தாம்பாளம் தாம்பாளமாகத் தேங்காய், பழம், பட்டுச்சேலை, மாலை போட்ட ஒரு கிடாய். அக்கா மகளுக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் தாய்மாமன் சீர் வந்தாக வேண்டும் எங்கள் பக்கம். அந்த வரிசையில் மாமா பிஎச்.டி.யையும் சேர்த்துவிட்டார்.

“என்ன மாமா இது? நான் இன்னும் பாஸே ஆகல!”

“நீ ஆகாம வேற எவ ஆவா? வெறுங்கையோட வந்தா நாளைக்கு ஊர்ல என்னைய மனுசன்னு மதிப்பானா?”

கிடாயை வேப்பமரத்தில் கட்டச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். சென்னைப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டாக்டர் மாயக்காள் நீங்கள்தானா? வரும் வழியில் பார்த்தேன். பட்டம் ஏற்கெனவே கொடுத்தாயிற்றுபோல. நான் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை.”

என் நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். முதல் கேள்வியிலேயே தேர்வாளர் நேராக நான் பயந்த இடத்துக்குத்தான் வந்தார்.

“ஓவியத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இதில் எந்த ஓவியத்தை நேரில் பார்த்தீர்கள்?”

“ஒன்றையும் பார்த்ததில்லை ஐயா.”

“பிறகு எதை நம்பி எழுதினீர்கள்?”

கோபம் வந்தால் எனக்குப் பேச்சு தானாக வரும். அன்றைக்குக் காலையிலிருந்தே கோபத்துக்குக் குறைவில்லை.

“எழுத்தை நம்பி ஐயா. அந்த அறிஞர்களும் அதைத்தான் செய்தார்கள். பழைய கிரேக்க ஓவியங்களை வானளாவப் புகழ்ந்து எழுதினார்களே, அவற்றில் ஒன்றாவது அவர்கள் காலத்தில் இருந்ததா? எல்லாம் அழிந்துவிட்டன. பழைய நூல்களில் இருந்த வருணனையைப் படித்துத்தான் எழுதினார்கள். படத்தைப் பற்றிய அந்தப் பேச்சில் பாதி, பார்க்காதவர்கள் பேசியதுதான். அதைத்தான் நான்காம் இயலில் காட்டியிருக்கிறேன்.”

அவர் நான்காம் இயலைப் புரட்டினார். நான் விடவில்லை.

“காளவாசல் போஸ்டரில் இருக்கிற படமும் நானில்லை. அது யாரோ. ஆனாலும் பெயரைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத்தானே கோபித்துக்கொண்டீர்கள்?”

நெறியாளர் இருமினார். தேர்வாளர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அதற்கு மேல் கேள்விகள் சுமுகமாகவே போயின. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கடைசியில் அவர் அவையைப் பார்த்து, “வேறு யாராவது கேள்வி கேட்கலாம்” என்றார்.

“நான் ஒண்ணு கேக்கணும்யா” என்று எழுந்தது மாமா. அவர் தேர்வாளர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஏத்தா, நெசமாவே நீ ஒரு படத்தையும் பாக்கலியா?”

“இல்ல மாமா.”

“இம்புட்டு வருசமா கண்ணு நோக நோக எழுதுனவளுக்கு ஒண்ணே ஒண்ணைக் காட்டக்கூடாதா? என்ன ஊருய்யா அது!”

அறை குலுங்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று ஒருவரும் கேட்டதில்லை, நானே என்னிடம் கேட்டதில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். பட்டம் கிடைத்த சந்தோஷம் என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

மாமா மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வந்து தோள் துண்டை எடுத்து நீட்டினார்.

“அழுவாதத்தா. ஒரு நா போய்ப் பாத்துட்டு வருவோம்.”