மறுமுனையில் ஒரு கிளிப்

மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, கணினியின் முதுகைத் திறந்து, புது சீரியல் போர்ட் கார்டைச் செருகிக்கொண்டிருந்தபோது சலவை ஆலையின் மேற்பார்வை அக்கா வந்து என் தலைக்கு மேல் நின்றார். இஸ்திரிக்கூடத்திலிருந்து வருகிறவர் என்பதால் அவரோடு சேர்ந்து கொஞ்சம் ஆவியும் அறைக்குள் வந்தது.

"உங்ககூட வந்தவரு கேக்கச் சொன்னாரு. கார்டு போட்டாச்சான்னு."

"இன்னும் ரெண்டு ஸ்க்ரூதான் பாக்கின்னு சொல்லுங்க."

"நீங்களே சொல்லலாமே. ஆளு அங்கதான உக்காந்திருக்காரு?"

"சத்தமா இருக்கு, காது கேக்காது" என்றேன். பொய்யில்லை. சலவைக்கூடத்தில் எட்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் சுழல்கின்றன, காதருகே நின்று கத்தினால்தான் ஏதாவது கேட்கும். ஆனால் உண்மையும் அது இல்லை. கூட வந்தவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே கடையில் கணினி பழுது பார்க்கிறோம். கடைசி நாற்பத்தொரு நாளாக ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. முன்பெல்லாம் பதினொரு மணிக்கு இரண்டு டீயோடு உள்ளே வருகிற மனிதர், இப்போது ஒன்றோடுதான் வருகிறார். அதையும் என் எதிரிலேயே, ஊதி ஊதிக் குடிக்கிறார்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கடையை இரண்டாக்குவதாக ஏற்பாடு. மாமனார் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டார். தச்சர் பிளைவுட்டோடு வந்து நடுவில் தடுப்பு அடிக்கப்போகிறார். ஜன்னல் சகலை பக்கம் விழுகிறது, மின்விசிறி என் பக்கம். இந்தச் சலவை ஆலை வேலை பாகப்பிரிவினைக்கு முன்பே ஒப்புக்கொண்டது. முடிக்க இரண்டு பேர் வேண்டும், ஒரு முனைக்கு ஒருவர். அதனால் ஒரே வண்டியில், நடுவில் கருவிப் பையை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி வந்து சேர்ந்தோம்.

சண்டைக்குக் காரணமும் இதே மாதிரி ஒரு கார்டுதான். ஒரு பெயின்ட் கடையின் நிறக்கலவை இயந்திரம் கணினியோடு பேசுவதற்காகப் போட்டேன். கார்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பது சின்னப்பிள்ளை வேலை. டெர்மினல் மென்பொருளைத் திறந்து எதையாவது தட்டினால் எழுத்து கார்டு வழியாக வெளியே போகும். திரையில் அது தெரியாது. வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் தெரியும். கம்பியின் கடைசியில் இரண்டாம் ஓட்டையையும் மூன்றாம் ஓட்டையையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டால், போன எழுத்து அப்படியே திரும்பி வந்து திரையில் நிற்கும். நின்றால் கார்டு நல்ல கார்டு. நான் தட்டினேன், நின்றது. "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் இயந்திரம் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் அலைந்தேன். கம்பியைக் குறை சொன்னேன், இயந்திரத்தைக் குறை சொன்னேன், அந்தக் கடைக்கு வருகிற மின்சாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

நான்காம் நாள் சகலை வந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடுங்கினார். இன்னொரு கையின் ஒற்றை விரலால் தட்டினார். அவருக்கு எப்போதும் ஒற்றை விரல்தான். கம்பியே இல்லை, எழுத்து மட்டும் ஜம்மென்று திரையில் வந்து உட்கார்ந்தது. மென்பொருளில் 'லோக்கல் எக்கோ' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டு வைத்திருந்தால் நாம் தட்டுவதை அதுவே நமக்குக் காட்டிவிடும். நான் கார்டைச் சோதிக்கவே இல்லை, அது செத்த கார்டு. மூன்று நாளாக என்னோடு நானே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டில், நான் கம்பியை முறைத்தது, இயந்திரத்தைத் தட்டியது எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். மாமியாருக்குப் புரையேறியது. என் மனைவி, என் கையைப் பிடித்தவள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சீரியல் போர்ட் என்றால் எந்த ஊர்த் துறைமுகம் என்று கேட்கக்கூடிய மாமனார் எனக்கு 'எக்கோ' என்று பெயர் வைத்தார். வீடு திரும்பும் வழியில் என் மகள் "எக்கோ அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மறுநாள் கடையில், வாடிக்கையாளர் நான்கு பேர் முன்னால், நான் சகலையிடம் சொன்னேன்: "நீங்க இல்லாம இருந்தா இந்தக் கடை இன்னும் ரெண்டு மடங்கு நல்லா நடக்கும்." அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகுதான் ஒற்றை டீ ஆரம்பித்தது.

கார்டின் கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கினேன். இந்த ஆலையில் அழுக்குத் துணியை எடை போடும் தராசு சலவைக்கூடத்தில் இருக்கிறது. அது பழைய தராசு, சீரியல் போர்ட் வழியாகத்தான் பேசும். அலுவலகத்துக்கு வாங்கிய புதுக் கணினிக்கோ அந்தக் காதே கிடையாது. அதற்குத்தான் இந்தக் கார்டு. தராசை மாட்டுவதற்கு முன் கம்பியின் அந்த முனையில் எங்கள் பழைய கணினியை மாட்டி, சகலை உட்கார்ந்திருந்தார். நடுவில் அறுபது மீட்டர் கம்பி, இஸ்திரிக்கூடம், இரண்டு சுவர், நாற்பத்தொரு நாள்.

டெர்மினலைத் திறந்ததும் முதல் வேலையாக லோக்கல் எக்கோ அணைந்திருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். சூடுகண்ட பூனை. பிறகு ஒன்று இரண்டு மூன்று என்று அனுப்பினேன். பதிலுக்குத் திரை முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமும் நெளிகோடும் வந்து கொட்டின. நாற்பத்தொரு நாளாக மனதில் அடக்கி வைத்திருந்ததைத்தான் அனுப்புகிறார் போல என்று நினைத்தேன். அதற்குள் அக்கா மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஒம்பதாயிரத்து அறுநூறாம். நீங்க எவ்வளவுன்னு கேக்குறாரு. என்ன கணக்கு இது?"

"வேகம், அக்கா. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல இருந்தாத்தான் எழுத்து புரியும்."

"நல்லாத்தான் சொல்றீங்க" என்றார், என்னை மேலும் கீழும் பார்த்து.

என் பக்கம் இரண்டாயிரத்து நானூறில் இருந்தது. மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் 'ஓகே' என்று வந்தது. நானும் ஓகே. பிறகு அவர் எண்களை அனுப்ப, நான் எழுத்துகளை அனுப்ப, கால் மணி நேரம் இரண்டு அரசு அலுவலகங்கள் கடிதம் எழுதிக்கொள்வதுபோல ஓடியது. அப்புறம் அவர் பக்கம் அமைதி.

மிச்சம் இருந்தது நீளச் சோதனை. பத்து நிமிடம் இடைவிடாமல் தட்டி, நடுவில் எழுத்து தொலைகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாகக் கையில் கிடைத்த காகிதத்தில் இருப்பதைத் தட்டுவோம். மேஜையில் கிடந்தது துணிப் பட்டியல். படுக்கை விரிப்பு நாற்பது, தலையணை உறை எண்பது என்று தொடங்கினேன். மூன்றாவது வரியில் விரல் தானாக வேறு எங்கோ போனது.

எனக்கு விசைப்பலகையைக் குனிந்து பார்த்தால்தான் தட்ட வரும். அதனால் திரையைப் பார்க்கவில்லை, வெட்கமும்தான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். 'தப்பு நடந்துபோச்சு சகலை. வார்த்தைய விட்டிருக்கக் கூடாது. மனசுல அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா எல்லார் முன்னாடியும் அப்படி நடிச்சுக் காட்டிச் சிரிச்சதும் சரியில்ல, அதுவும் நம்ம வீட்டுப் பொம்பளைங்க முன்னாடி. பிளைவுட் வேண்டாம். ஃபேன் இல்லாம ஒருத்தருக்கு வேர்க்கும், ஜன்னல் இல்லாம இன்னொருத்தருக்கு மூச்சு முட்டும். பதினோரு மணி டீ இல்லாம தலை வலிக்குது.' இன்னும் என்னென்னவோ எழுதினேன். கண் கலங்கியது. பெயின்ட் கடையைப் பற்றி எழுதும்போது சிரிப்பும் வந்தது. சலவை ஆலை அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டே சிரிப்பது பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை.

நிமிர்ந்தேன்.

திரையில், 'தப்பு நடந்துபோச்சு சகலை' என்று எழுதியிருந்தது.

சகலை உறவில் இது ஒரு வசதி. அவர் எனக்குச் சகலை என்றால் நானும் அவருக்குச் சகலைதான். யார் யாருக்கு எழுதியது என்று முதல் வரியில் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி, அவரே எழுதியிருக்கிறார் என்று நம்பினேன். எனக்கு முன்னால் மனிதர் முந்திக்கொண்டாரே என்று நெஞ்சு உருகிப்போனது. 'வார்த்தைய விட்டிருக்கக் கூடாது' என்று படித்தபோது, பெரிய மனுஷன், தன் மேல் இல்லாத தப்பையும் எடுத்துக்கொள்கிறாரே என்றுகூட நினைத்தேன். பெயின்ட் கடை வந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. அதற்கு மேலே, படுக்கை விரிப்பு நாற்பது, தலையணை உறை எண்பது.

நான் தட்டியது எனக்கே திரும்பி வந்திருக்கிறது. எக்கோ அணைந்துதான் இருந்தது, நான்காம் முறையும் பார்த்தேன். அப்படியானால் அந்த முனையில் ஆள் இல்லை. கம்பியைக் கழற்றிக் கிளிப்பைச் செருகிவிட்டு எழுந்து போயிருக்கிறார். நாற்பத்தொரு நாள் வீம்பை உடைத்து, மானம் மரியாதையை விட்டு, நான் மன்னிப்புக் கேட்டது ஒரு ஜெம் கிளிப்பிடம். கார்டு மட்டும் நல்ல கார்டு, ஒரு எழுத்தைக்கூடத் தொலைக்கவில்லை.

வந்த கோபத்துக்கு இஸ்திரிக்கூடத்தின் வழியாக விறுவிறுவென்று நடந்தேன். சூடான விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். சலவைக்கூடத்தில் பழைய கணினி மட்டும் இருந்தது, நாற்காலி காலி. மேஜை ஓரத்தில் கம்பியின் முனை தொங்கியது, அதில் கிளிப் பளபளவென்று இருந்தது. அக்கா ஓடிவந்து என் காதருகே கத்தினார்.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன்! கிளிப்பு போட்டிருக்காராம், நீங்க இஷ்டத்துக்குத் தட்டிப் பாக்கலாமாம். இஸ்திரி மிஷின் மாட்டிக்கிச்சு, நான் அங்க போயிட்டேன்!"

"ஆளு எங்க?"

"டீ வாங்கப் போனாரு. இப்பத்தான் பாய்லர் பக்கமா சுத்திக்கிட்டு உங்க ரூமுக்குப் போறாரு. ரெண்டு கையிலயும் டம்ளரு!"

ரெண்டு கையிலும்.

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குத் திரைதான் ஞாபகம் வந்தது. அதை அணைக்காமல் வந்திருக்கிறேன். படுக்கை விரிப்பில் தொடங்கித் தலைவலி வரைக்கும் பளிச்சென்று நிற்கும். ஓடிப்போய் அணைக்க நேரமில்லை, அவர் இந்நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கிளிப்பைப் பிடுங்கி, கம்பியைப் பழைய கணினியில் மாட்டி, 'திரையைப் பாக்காதீங்க' என்று தட்டப்போனேன். அந்த வரியும் அதே திரையில்தான், கடிதத்துக்கு நேர் கீழே, போய் விழும் என்பது விரலை வைத்த பிறகுதான் உறைத்தது. விரலை எடுத்துவிட்டேன்.

அப்போது என் முன்னால் இருந்த பழைய கணினியின் திரையில் ஓர் எழுத்து வந்தது.

ஒன்றே ஒன்று. வெகுநேரம் கழித்து அடுத்தது. அந்த வேகம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிற ஒற்றை விரல், ஒவ்வொரு எழுத்துக்கும் விசைப்பலகை முழுவதும் சுற்றுலா போய்வரும். அதிலும் அந்தப் பக்கம் எக்கோ அணைந்திருக்கிறது, இந்தப் பக்கம் கிளிப் இல்லை. அவர் தட்டுவது அவருக்குத் தெரியாது, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு தட்டுகிறார். அவர் தொழில் தெரிந்தவர். எழுத்து திரும்பி வரவில்லை என்றால் யாரோ கிளிப்பைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியும்.

'டீ ஆறுது சகலை.'

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஈர விரிப்பு ஒன்று அவர் கையிலிருந்து என் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நேரம்?"

"இருங்க. இன்னும் தட்டறாரு."

கர்சர் அடுத்த வரிக்கு இறங்கியது. எட்டு இயந்திரங்களும் சுழன்றன. சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு. நான் கிளிப்பை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக ஒரு சொல் சேர்ந்தது.

'பிளைவுட்'

அதற்குப் பக்கத்தில் கர்சர் விட்டுவிட்டு மின்னியது. அந்தப் பக்கம் அவர் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.