கத்தாத அலாரம்

...இரண்டும் கறுப்புதானே, இரண்டுக்கும் மூன்று கால்தானே, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, மேலே இருக்கிற எழுத்து கண்ணுக்கே தெரியாது, யாராக இருந்தாலும் மாற்றித்தான் போட்டிருப்பார்கள்... ஆனால் போட்டது யாரோ இல்லை, நீதான் நசிமா. காலையில் சென்சார் டப்பாவில் மிச்சம் கிடந்ததை செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சூட்டை அளக்கிற சென்சாரே இல்லை, வெறும் டிரான்சிஸ்டர், கரண்டைக் கூட்டிக் குறைக்கிற வேறு சாமான். போன வாரம் இதிலிருந்து அள்ளித்தானே சின்னச் சின்ன ஜிப் கவர்களில் போட்டாள், 'வெப்ப சென்சார்' என்று ஸ்டிக்கர் ஒட்டினாள், அன்றைக்குப் புத்தி எங்கே போயிருந்தது, மகள் பெனாசிரின் காய்ச்சலிலா? விஸ்வநத்தத்து ஹர்ஷினி ஆர்டரோடு எழுதியிருந்தாளே, அம்மா வேலை பார்க்கிற பட்டாசு ரூமில் சூடு கூடினால் கத்துகிற அலாரம் செய்கிறேன், நல்லதாகப் பார்த்து அனுப்புங்கள் என்று. படித்துவிட்டுச் சிரித்தாளே, கெட்டிக்காரப் பிள்ளை என்று... எலக்ட்ரானிக்ஸ் கடை முதலாளி சூர்யபிரகாஷிடம் சொன்னால், "வேலை செய்யலைன்னா அவுகளே கூப்பிடுவாக, மாத்திக் கொடுத்துருவோம்க்கா" என்கிறார். கத்தாத அலாரம் வேலை செய்யவில்லை என்று யாருக்குத் தெரியும்? வெளியே வெயில் வேறு இப்படிக் கொளுத்துகிறது, யா அல்லா.

நசிமா கூப்பிட்டதும் ஹர்ஷினி சந்தோஷமாகத்தான் பேசினாள். "சூப்பரா இருக்குக்கா. பழைய சென்சார வச்சு டெஸ்ட் பண்ணுனேன், நல்லாக் கத்துச்சு. அது கால் ஒடிஞ்சிருச்சு, அதான் உங்ககிட்ட வாங்குனத மாட்டி அம்மா ரூம் வாசல்ல தொங்கவிட்டோம். இன்னும் ஒருக்காகூடக் கத்தல." எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி இருப்பது... "கண்ணு, அது சென்சாரே இல்லடா, நான் மாத்தி ஒட்டிட்டேன். அம்மா எங்கன இருக்காக?" "உள்ளதான்க்கா. செல்போன கேட்லயே வாங்கி வச்சிருவாக. நான் ஓடுறேன்." லைன் கட்டாகிவிட்டது. எவ்வளவு தூரம் ஓட வேண்டும், கேட்கவில்லையே, கேட்டு என்ன செய்யப் போகிறாய், கைகள் பாட்டுக்குக் கவரை மடிக்கின்றன, பிரிக்கின்றன, தெருவில் லாரி கதவை அடைக்கிற சத்தத்துக்கெல்லாம் தலை வாசலுக்குத் திரும்புகிறது, இது வெறும் லாரிதான், வெடித்திருந்தால் விருதுநகர் வரைக்கும் கேட்குமா, கேட்காது, கேட்காவிட்டால் வெடிக்கவில்லை என்று அர்த்தமா...

போன் மணியடித்தது. ஹர்ஷினி இல்லை, அவள் அம்மா பேச்சியம்மாள், மூச்சு வாங்கப் பேசினாள். "ஒண்ணும் ஆகல தாயி, எல்லாரும் வெளிய வந்துட்டோம். பிள்ள அளுதுக்கிட்டு நிக்கிறா." அப்புறம் கோபமே இல்லாமல் சொன்னாள், "முன்னெல்லாம் கூரைத் தகரம் கொதிக்க ஆரம்பிச்சா நாங்களே எந்திரிச்சு வந்துருவோம். இப்பத்தான், அது கத்தலையேன்னு உள்ளயே இருந்துட்டோம்."

நல்ல சென்சாரை இன்றைக்கே நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள், அழுகை வந்தது, நின்றது, பிழைத்தார்கள், போதும், அதுவே போதும்... போதுமா? அந்த டப்பாவிலிருந்து ஹர்ஷினிக்கு மட்டுமா போயிற்று? தேனிக்கு, ராமநாதபுரத்துக்கு, பெயர் நினைவில்லாத ஊர்களுக்கு. இந்தப் பிள்ளை எழுதியதால் தெரிந்தது, மற்றவர்கள் எதற்கென்று எழுதவில்லை, இவளும் இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் கேட்டதில்லை. கம்ப்யூட்டரில் முதல் நம்பரைத் தேடி எடுத்து அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.