லிஃப்ட் மாப்பிள்ளை

மகளை வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். இங்கே கார் நிறுத்த இடமில்லை என்றார். கேன்டீன் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்றார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் சாப்பிடவாப்பா போறேன்? நான் பிறந்த இடத்துலயே என் பிள்ளையும் பிறக்கட்டுமே. உங்க லிஃப்டையும் பார்த்த மாதிரி ஆச்சு."

அந்த லிஃப்டை நினைத்துத்தான் அவருக்குப் பயம்.

சொந்தக்காரர்கள் நடுவில் அவருக்கு லிஃப்ட் மாப்பிள்ளை என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக் வேலையால் மட்டும் வந்த பெயர் அல்ல. மகள் பிறந்த கதையால் வந்தது. மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. பிரசவ அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் நின்றுபோயிருந்தது. டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவர் வாட்ச்மேனிடம் ஒரு ஸ்குரூடிரைவர் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். லிஃப்டை ஓடவைத்தார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இவ லிஃப்டுலயே பிறந்திருப்பா" என்று முடிப்பார். கல்யாண வீடுகளில் அவரைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லச் சொல்வார்கள். மகளின் சம்பந்தம் பேசும்போது சம்பந்தி இதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொல்ல ஆரம்பித்தால் மனைவிக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும்.

பிரசவ அறை தரைத்தளத்தில் இருந்தது. அன்றும் அங்கேதான் இருந்தது.

மகளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து நேராகத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்டைத் தாண்டிப் போனார்கள். மருமகன் ஓவிய வாத்தியார். எதையும் பார்த்துவைக்கிற கண். அவன் திரும்பி லிஃப்டைப் பார்த்தான். பிறகு கதவுக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தான்.

"மாமா, லேபர் ரூம் கீழயே இருக்கே?"

அவர் அந்தப் பலகையை இப்போதுதான் பார்ப்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப மேல இருந்துச்சு" என்றாள் மனைவி. பைக்குள் துண்டைத் தேடிக்கொண்டே சொன்னாள். நிமிரவில்லை.

மகளின் உதடு கோணியது. வலி என்று நினைத்துக்கொண்டார்.

புருஷனும் கூட இருக்கலாம் என்று இப்போது விதி மாறியிருந்தது. மருமகன் உள்ளே போனான். துண்டையும் துணிகளையும் கொடுக்க மனைவியும் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே லிஃப்ட். கதவு புதிது. கதவைச் சுற்றியிருந்த சட்டம் பழையதுதான், அவருக்குத் தெரியும்.

அவள் எதற்காகப் பொய் சொன்னாள்?

அன்று இதே இடத்தில் நின்றிருந்தார். கதவுக்குப் பதில் ஒரு பச்சைத் திரை. அதற்குப் பின்னால் மனைவி கத்தினாள். நடுவில் "என்னங்க" என்றாள். கத்தலைக்கூடத் தாங்கிக்கொண்டார். கடைக்குப் போகிறவரைக் கூப்பிடுவது போன்ற அந்தச் சின்ன "என்னங்க"வைத் தாங்க முடியவில்லை. நர்ஸ் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க. வந்து சும்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. டாக்டர் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"இதோ" என்றார்.

வாட்ச்மேன் லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் லிஃப்ட் மெக்கானிக்தான். பார்க்கட்டுமா?"

"கம்பெனி ஆளு நாளைக்கு வருவாங்க சார். உங்க வீட்டம்மா உள்ள இருக்காங்க, நீங்க அதைப் பாருங்க."

அவர் அதைப் பார்க்கவில்லை. லிஃப்டைப் பார்த்தார். கதவு ஓடுகிற தடத்தில் ஒரு பொத்தான் சிக்கியிருந்தது. யார் சட்டையிலிருந்தோ உதிர்ந்த பொத்தான். நெம்பி எடுத்ததும் கதவு மூடியது. அவ்வளவுதான் பழுது. கீழேயே நின்றிருக்கலாம். ஆனால் படியேறி மேலே மோட்டார் அறைக்குப் போனார். மூலையில் கிரீஸ் டப்பா இருந்தது. கிரீஸ் தேவைப்படாத இடத்துக்கெல்லாம் கிரீஸ் தடவினார். அந்த அறைக்குக் கீழேயிருந்து எந்தச் சத்தமும் எட்டாது. மோட்டார் ஓடினால் நம் நினைப்பே நமக்கு எட்டாது.

இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"எங்க போயிட்டீங்க மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டார்.

"லிஃப்ட் நின்னுபோச்சு மாமா."

அதில் பொய் இல்லை. மிச்சத்தை மாமனாரே போட்டுக்கொண்டார். "ஐயையோ, இவளை மேல கொண்டுபோக வேண்டியிருந்துச்சா? நல்ல வேளை, நீங்க இருந்தீங்க." அவர் சும்மா இருந்தார். அடுத்த வாரத்துக்குள் அந்தச் சும்மாவுக்குக் கை கால் முளைத்துவிட்டது. மூன்றாவது மாடி முளைத்தது. டாக்டர்கள் முளைத்தார்கள்.

மகன் பிறந்தது வேறு மாதிரி. அவர் ஓர் உயரமான கட்டடத்தில் வேலையாக இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஆபீசுக்குப் போன் செய்தாள்: பையன், ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. மனைவி வலி எடுத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, அந்த அக்காவோடு வாடகைக் காரில் போய்விட்டிருந்தாள். "உங்க வேலையைக் கெடுக்க வேணாம்னுதான்" என்றாள். என் வீட்டுக்காரிக்குத் தைரியம் ஜாஸ்தி என்று அதையும் அவர் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது வேறு மாதிரித் தெரிந்தது.

கதவு திறந்தது. மருமகன் வெளியே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"கார் வெயில்ல நிக்குது மாமா. நிழல்ல விட்டுட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தான். அந்த நடை அவருக்குத் தெரியும். ஓடுவது யாருக்கும் தெரியக்கூடாது என்று நடக்கிற நடை.

அவர் பின்னாலேயே போனார். கார் நிழலில்தான் நின்றிருந்தது. மருமகன் உள்ளே உட்கார்ந்து, சீட் பெல்ட் வேறு போட்டிருந்தான். அவர் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எங்க கிளம்பிட்டீங்க மாப்பிள்ளை?"

"எங்கயும் இல்ல மாமா." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது. "என்னால முடியல. அவ கத்துறா. நான் மரம் மாதிரி நிக்கிறேன். உங்களுக்காவது ரிப்பேர் பண்ண ஒரு லிஃப்ட் இருந்துச்சு."

இப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் இவன் என்ன நினைப்பான்? மாமனாரே ஓடிப்போனவர், நாமும் ஓடலாம் என்று நினைக்கமாட்டானா? அவருக்கு அந்தச் சாக்கு வசதியாக இருந்தது. அது சாக்கு என்பதும் தெரிந்தே இருந்தது.

"லிஃப்டை விடுங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணேன்? அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"உங்களுக்குக் கை நடுங்கலையா?"

"நடுங்குச்சு. ஆனாலும் நின்னேன். இறங்குங்க. மூஞ்சியைக் கழுவிக்கிட்டு உள்ள போங்க. பெல்ட்டைக் கழட்டுங்க முதல்ல."

மருமகன் அவர் முகத்தைப் பார்த்தான். நம்பினான். இறங்கிப் போனான்.

அவர் காரில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாகச் சொன்ன கதையில் அவர் ஒருநாளும் கையைப் பிடித்து நின்றதில்லை. அந்த இடத்தை மட்டும் தொடாமல் வைத்திருந்தார். இன்று அதையும் எடுத்துச் செலவழித்துவிட்டார். காரியமும் நடந்துவிட்டது. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

திரும்பி வந்தபோது மனைவி நாற்காலியில் இருந்தாள்.

"மாப்பிள்ளை வந்ததும் என்னை வெளிய அனுப்பிட்டாங்க. ஒருத்தருக்குத்தான் இடமாம்" என்றாள். "எங்க போயிருந்தாராம்?"

"காரை நிழல்ல விட."

"ஓஹோ" என்றாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே மகள் கத்தினாள். லிஃப்ட் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல் அழுதது. புதிய குரல்.

மருமகன் சட்டையெல்லாம் கசங்கி வெளியே வந்தான். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தான்.

"பொண்ணு, அத்தை! பொண்ணு மாமா!" அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். "நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதை அவகிட்டச் சொன்னேன் மாமா. 'எங்கப்பா நின்னேன்னா சொன்னாரு?'ன்னு கேட்டா. அந்த வலியிலயும் அப்படிச் சிரிக்கிறா. எனக்கு ஒண்ணுமே புரியல."

அவருக்குப் புரிந்தது. காது இரண்டும் எரிந்தன.

"போய் அவ பக்கத்துல இருங்க மாப்பிள்ளை" என்றாள் மனைவி.

கதவு மூடும்வரை அவர் காத்திருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"சின்ன வயசுல கேட்டா. நீ மேல போனப்போ அப்பா எங்கம்மா இருந்தாருன்னு. நான் மேலயே போகலடின்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே."

"கேட்காதேன்னுட்டேன். எவ்வளவு ஆசையா சொல்றீங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன்."

"பையனுக்கு?"

"தம்பிக்கு அக்கா சொல்லாம இருப்பாளா?"

கல்யாண வீடுகளில் கதை முடிந்ததும் முதலில் கைதட்டுவது அந்த இரண்டு பேரும்தான். பெருமை தாங்காமல் தட்டுகிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"அவன் பிறக்கும்போது என்னைக் கூப்பிடாதது..."

"வலிக்கிற நேரத்துல உங்களை வேற தேடணுமா நான்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபம் எப்போதோ தீர்ந்துபோன குரல். அவருக்குக் கோபமே தேவலை என்றிருந்தது.

நர்ஸ் துணிச்சுருளோடு வந்தாள். மனைவி வாங்கி முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் எழுந்து பின்னால் நகர்ந்தார். அன்று மோட்டார் அறையிலிருந்து இறங்கி வந்ததும் இப்படித்தான் நீட்டினாள். கையெல்லாம் கிரீஸ். கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினார். திரும்பி வந்தபோது குழந்தையும் தூங்கிவிட்டது, அவளும் தூங்கிவிட்டாள்.

"கையைக் கழுவிட்டு வந்துடறேன்" என்றார்.

மனைவி அவர் கைகளைப் பார்த்தாள்.

"சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். "பிடிங்க."