டெபோரா பெயரில் ஹில்டா போட்ட கணக்கு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். கேள்வித்தாள் நகல் எடுக்க வந்திருந்த ஜானட், என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது ஐந்தாம் வகுப்பு டீச்சர், என்னைப் பார்த்ததும், "கதை எழுதறேன்னு சொல்லிக்கறியே, இதை எழுதேன் பார்க்கலாம்" என்று ஆரம்பித்தாள். குரலில் எரிச்சல். யார்மேல் என்று கதை முடிந்தபிறகும் எனக்குப் பிடிபடவில்லை. (பெயர்களை மாற்றிவிட்டேன். ஜானட் அவள் பெயரில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.)

2

முதல் தொடக்கம்:

"கடற்காற்று உப்பைச் சுமந்து வந்த ஒரு காலைப்பொழுதில், காசிமேட்டின்—"

[போதும். வடசென்னை என்று உட்கார்ந்தாலே கை தானாக உப்புக்காற்றுக்கு ஓடுகிறது. அன்று வீசியது கண்டெய்னர் லாரிப் புகை.]

இரண்டாவது:

"வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் நுழைந்தபின் ஆசிரியரின் இடம் யாதெனில்—"

[இதை யாராவது கருத்தரங்கில் வாசிக்கட்டும். எனக்குத் தூக்கம் வருகிறது.]

மூன்றாவது தொடக்கம் கிடையாது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

ஜானட்டின் வகுப்புக்கு ஒரு கணக்குச் செயலி வந்தது. பிள்ளைகள் வீட்டுப் போனில் கணக்குப் போடுவார்கள். யார் எப்படிப் போடுகிறார்கள் என்று டீச்சரின் டேப்லெட்டில் தெரியும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி: தடுமாறினால் சிவப்பு, தேறினால் பச்சை. சிவப்புக்காரர்களை மட்டும் பள்ளி விட்டபிறகு உட்காரவைத்து ஜானட் தனி வகுப்பு எடுப்பாள்.

இங்கே செயலியை வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் நியாயமில்லை. அது நல்ல செயலி. பின்னம் புரிய ரொட்டியை வெட்டிக் காட்டும், தப்பாகப் போட்டால் அதே மாதிரி இன்னொரு கணக்கு கொடுக்கும். முன்பெல்லாம் யாருக்குப் பின்னம் வரவில்லை என்று பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியும், அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருக்கும் என்றாள் ஜானட்.

டெபோரா என்ற பெண்ணுக்கு ஆரம்பத்திலிருந்தே சிவப்பு. திடீரென்று பச்சையானாள். ஜானட் தட்டிக்கொடுத்து, தனி வகுப்புக்கு இனி வரவேண்டாம் என்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள் டெபோரா.*

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பகலில், வகுப்பு நடக்கும்போது டேபைத் திறந்தாள் ஜானட். "டெபோரா இப்போது பயிற்சியில் இருக்கிறார்" என்றது அது. டெபோரா முதல் வரிசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

கரும்பலகைக்குக் கூப்பிட்டு அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னாள் ஜானட். மேலே இரண்டு, கீழே ஐந்து என்று எழுதிவிட்டுச் சிரித்தாள் டெபோரா. மறுநாள் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியாயிற்று.

* ஏன் உண்மையைச் சொல்லவில்லை? தனி வகுப்பிலிருந்து விடுதலை கிடைத்த பத்து வயதுப் பெண் அதை ஏன் கெடுத்துக்கொள்வாள்? அந்த நேரத்தில் தெருவில் கேரம் ஆடினாள். நன்றாகவே ஆடுவாளாம்.

4

அம்மா பெயர் ஹில்டா. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். இவளிடம்தான் எனக்குத் தகராறு.

[அடித்த பத்தி: "பின்னம் ஹில்டாவுக்குப் புதிதல்ல. படகில் பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு—" பொய். படிக்காத அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதினால் கைதட்டுவீர்கள். ஹில்டாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தப்புத் தப்பாகப் போட்டுத்தான் கற்றுக்கொண்டாள்.]

அவள் புருஷன் இன்னாசி விசைப்படகில் போனால் திரும்ப நாளாகும். அதுவரை மீனவர் சங்கத்துப் போன், கேஸ் சிலிண்டர், ரேஷன் என எதுவானாலும் அவர் பெயருக்கு வருவதற்கெல்லாம் ஹில்டாதான் பதில் சொல்வாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கரையில் இருக்கிறவள் வீட்டுக்குப் பொறுப்பு.

"போன் என்னுது டீச்சர்" என்றாள். "டெபோரா, இன்னிக்குக் கணக்குப் போடலியான்னு டெய்லி கேட்டுகினே கீது. அவ தெருவுல ஆடிகினு இருப்பா. அவங்கப்பா பேர்ல வர்றதுக்கு நான்தான பதில் சொல்றேன், அதுமாரி இதுக்கும் சொன்னேன். வூட்டுக்கு வந்தத சும்மா வுட்டா மரியாதையா இருக்குமா?"

"அதுக்காகப் பொண்ணு கணக்க நீ போடுவியா?"

"மொதல்ல ஒண்ணுமே புர்ல, படா பேஜாரா பூட்ச்சி. ஆனா தப்பாப் போட்டாலும் திட்டல டீச்சர். நான் ஏழாவதோட நின்னவ. என்னிய திட்டாம யாருமே சொல்லிக் குட்த்ததில்ல."

அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை என்றாள் ஜானட். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "அந்தப் பச்சை உன்னோடது ஹில்டா. அதை நம்பி அவளைத் தனி வகுப்புல இருந்து அனுப்பிட்டேன். அடுத்த வருஷம் ஆறாவது, பெரிய ஸ்கூல். அங்க அவளுக்காக யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டாங்க."

ஹில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப எம்பொண்ண நானே கெட்த்துட்டனா?"

செயலியில் ஒரு பிள்ளைக்கு ஒரு கணக்குதான், அதாவது ஒரே அக்கவுண்ட். டெபோராவுக்கு எங்கே தடுமாறுகிறது என்று தெரியவேண்டுமென்றால் ஹில்டா செய்ததையெல்லாம் அழித்து முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். பள்ளியில் இல்லாத ஹில்டாவுக்குத் தனியாக ஒன்று கிடையாது.

5

நான் எழுதிப்பார்த்த முடிவுகள்.

அ) அம்மாவும் மகளும் ஒரே போனில் சேர்ந்து படிக்கிறார்கள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஜானட்டிடம் கேட்டேன். "ஹில்டாவா? ஒரு தடவை வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப்போய்க் கரண்டியைத் தூக்கினவ அவ" என்றாள்.

ஆ) உதயா என்ற பையனின் குடும்பம் மணலி புதுநகருக்குப் போய்விட்டது. செயலியில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது. அதை ஜானட் ரகசியமாக ஹில்டாவுக்குக் கொடுக்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு. "என் வேலை போயிடும்டா. விளையாடணும்னா உன் வேலையில விளையாடு" என்றாள் ஜானட். (ஆனால் உதயா பெயரை அவளாகத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை.)

இ) ஜானட் எதுவும் செய்யாமல் விட்டுவிடுகிறாள், டெபோரா பச்சையோடு ஆறாவது போகிறாள், அங்கே போய்— [இதை எழுத மனசு வரவில்லை.]

6

நடந்தது இவ்வளவுதான்.

"அயிச்சிடுங்க டீச்சர்" என்றாள் ஹில்டா. "கொயந்ததான் முக்கியம்."

ஜானட் டேபைத் திறந்தாள். எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது.

"ஒரு நிமிசம். காலைல யாவாரத்துக்கு நடுவுல போட்டது பாதியில நிக்குது. அத முட்ச்சிட்டுத் தர்றேன்."

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு விரலால் போட ஆரம்பித்தாள். ஜானட் அழிக்காமல் காத்திருந்தாள். வெளியே வாசலில் புத்தகப்பையோடு டெபோரா நின்றாள்.

ஹில்டா முடித்துவிட்டு, விடையை அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் போனை நீட்டினாள். "சரியாப் போட்டுக்கீறனா, பாருங்க டீச்சர்."

மீதியையும் ஜானட் என்னிடம் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஒருத்தி தோற்றதாகிவிடும், எனக்கு அம்மா, மகள் இருவரையும் பிடித்திருக்கிறது.

கணக்கை மட்டும் தருகிறேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். மூன்றில் இரண்டும் நான்கில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு? பெஞ்சில் இருப்பவளுக்குத் தெரியும். வாசலில் நிற்பவளுக்குத் தெரியாது. அவளை உள்ளே கூப்பிடுகிறீர்களா?